வாரியத்தில் கண்ணாமூச்சி

குழந்தைகளை மகிழ்விப்பது தனி மனிதர்களை நம்பி விடக்கூடிய காரியமில்லை என்று ஒரு நகரம் முடிவெடுத்து, அதற்கென்று ஒரு குடும்பக் கேளிக்கை வாரியமும், வாரியத்துக்கு ஆறு மாடிக் கட்டடமும் கட்டிக் கொடுத்துவிட்டால், அப்புறம் அந்த ஊரில் எந்த அப்பனும் தன் பிள்ளைகளோடு சும்மா விளையாடிவிட முடியாது. லிஃப்ட் மெக்கானிக்குக்கு இந்த விஷயம் தெரியாமல் போனது அவர் குற்றம்தான். ஊரார் பிள்ளைகளை மேலே ஏற்றிக் கீழே இறக்குவதற்கே அவருக்கு இத்தனை வருடமும் நேரம் சரியாக இருந்தது.

அவருக்கு மூன்று பிள்ளைகள். பெரியவளுக்குப் பதினான்கு வயது. நடுவில் ஒரு பையன், எட்டு வயது. கடைசி குட்டி, அவளுக்கு இரண்டு. பெரியவள் வருகிற திங்கட்கிழமை விடுதியில் தங்கிப் படிக்கப் போகிறாள். ரயிலில் எட்டு மணி நேரம். அவளே கேட்டு வாங்கிய இடம் அது. கொஞ்ச நாளாக அவள் காதில் எந்நேரமும் ஹெட்போன். என்ன கேட்டாலும் "ம்", "இல்ல", "தெரியல" என்ற மூன்றில் ஒன்றுதான் பதிலாக வரும்.

மருந்துக் கடையில் வேலை பார்க்கும் மனைவிக்குச் சனிக்கிழமைகளில் விடுப்பு கிடைக்காது. அவள்தான் சொன்னாள்: "அவ போறதுக்குள்ள ஒரு நாளாவது மூணு பேரும் ஒண்ணா ஒரு இடத்துல சிரிச்சிட்டு இருக்கணும்ங்க. இல்லன்னா அங்க போய் வீட்டை நினைச்சா அவளுக்கு என்ன ஞாபகம் வரும்? ஃப்ரிட்ஜா?"

நியாயமான கேள்வி. எனவே போன சனிக்கிழமை மூவரையும் பூங்காவுக்குக் கூட்டிப் போனார். வாரியம் அந்தப் பூங்காவை வயதுவாரியாக மூன்று துண்டாக்கி வேலி போட்டிருந்தது. மூன்று வாசல், மூன்று நிறம், மூன்று காவலர். ஒவ்வொரு வாசலிலும் "பெற்றோர் ஒருவர் உடனிருக்க வேண்டும்" என்று பலகை. பெற்றோரோ ஒருவர்தான் வந்திருந்தார். அவர் மூன்று வேலிகளும் சந்திக்கும் மூலைக்குப் போய், வலது கையை மஞ்சளுக்குள்ளும் இடது கையை நீலத்துக்குள்ளும் நீட்டி, தலையைச் சிவப்புக்குள் நுழைத்துப் பார்த்தார். "முழு ஆளா உள்ள இருக்கணும் சார்" என்றார் மஞ்சள் வாசல் காவலர். பெரியவள் அப்பாவின் தலையை வேலியிலிருந்து எடுத்துவிட்டு, "வீட்டுக்குப் போலாம்" என்றாள். அந்த வாரத்தில் அவள் பேசிய மிக நீளமான வாக்கியம் அது.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்த கையோடு, கிரீஸ் கறை போகாத கைகளுடன் அவர் வாரியத்துக்குப் போனார். தரைத்தளத்தில் வயது ஆலோசகர் உட்கார்ந்திருந்தார். கனிவான பெண்மணி. மேஜையில் தலையணை கனத்துக்கு ஒரு கையேடு. அட்டையில் "உங்கள் ஊரில் முந்நூற்று எழுபது குடும்ப நிகழ்ச்சிகள்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

"எத்தனை குழந்தைங்க சார்?"

"மூணு. பதினாலு, எட்டு, ரெண்டு."

ஆலோசகரின் முகத்தில் துக்கம் விசாரிக்க வந்தவரின் சாயல் படர்ந்தது. "ஏன் சார் இப்படி?" என்று மெல்லக் கேட்டார். பிறகு, நடந்தது நடந்துவிட்டது என்பதுபோலக் கையேட்டைப் புரட்டினார். "ரெண்டு வயசுக்கு 'தவழ்ந்து வா செல்லமே' இருக்கு. சனிக்கிழமை பத்து மணி, வடக்குக் கூடம்."

"அவ ஓடுவா மேடம். தவழ்றதை விட்டு ஒரு வருஷம் ஆச்சு."

"பரவாயில்ல, அங்க திரும்பக் கத்துக் கொடுப்பாங்க. எட்டு வயசுக்கு 'களிமண்ணும் நானும்'. சனிக்கிழமை பத்து மணி, கிழக்குக் கூடம். பதினாலுக்கு 'என் இலக்கை நோக்கி' வட்டமேஜை. அது தெற்குக் கூடம். அதுவும் பத்து மணி."

"மூணும் ஒரே நேரமா? நான் மூணு இடத்துல எப்படி மேடம் இருக்கிறது?"

"அது பெற்றோர் பிரிவு சார், நாலாவது மாடி. நான் குழந்தைகள் பிரிவு."

"மூணு பேரும் சேர்ந்து போற மாதிரி ஒண்ணுமே கிடையாதா? அட்டையிலயே குடும்ப நிகழ்ச்சின்னு போட்டிருக்கே."

"அது அட்டை சார்" என்றார் ஆலோசகர் பொறுமையாக. "நிகழ்ச்சியெல்லாம் உள்ள இருக்கு."

மெக்கானிக் கையேட்டின் அட்டையை இன்னொரு முறை படித்துப் பார்த்தார். அவர் பார்த்த லிஃப்ட் எதிலும் "எட்டுப் பேர்" என்றுதான் எழுதியிருக்கும். எந்த வயது எட்டுப் பேர் என்று எந்த லிஃப்டும் கேட்டதில்லை. பாட்டனும் பேரனும் ஒரே கதவுக்குள் நுழைந்து ஒரே மாடியில் இறங்குவார்கள். இதை அவர் ஆலோசகரிடம் சொன்னார். சொன்னதும் அந்த அம்மாளின் குரல் தாழ்ந்தது.

"அப்படின்னா நீங்க கலப்பு வயது விண்ணப்பம்தான் போடணும். ஆனா அதை இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

படிவம் எடுக்க அலமாரியை உடைக்க வேண்டியிருந்தது. சாவி பதினெட்டு வருடத்துக்கு முன்பே தொலைந்திருந்தது. உடைக்கும் சத்தம் கேட்டுப் பக்கத்து மேஜைக்காரர்கள் எழுந்து வந்து, மெக்கானிக்கைச் சுற்றி நின்று பார்த்தார்கள். படிவத்தின் நான்காவது கேள்வி: "குழந்தைகளுக்கிடையே வயது வித்தியாசம் ஏற்பட்டது எப்படி?" அவர் நெடுநேரம் யோசித்து, "ஒருவர் பின் ஒருவராகப் பிறந்தார்கள்" என்று எழுதினார். ஐந்தாவது: "இவ்வித்தியாசம் வருங்காலத்தில் குறைய வாய்ப்புண்டா?" இல்லை என்று எழுதினார். "மனசைத் தளர விடாதீங்க சார்" என்றார் ஆலோசகர். என்ன நிகழ்ச்சி வேண்டும் என்ற இடத்தில், வேறு எதுவும் தோன்றாமல், "கண்ணாமூச்சி" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

வியாழக்கிழமை பதில் வந்துவிட்டது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வாரியக் கட்டடத்தில் வெள்ளோட்டம், விண்ணப்பதாரர் குழந்தைகளுடன் வரவேண்டும் என்றிருந்தது. மெக்கானிக்குக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா, நம்ம ஊர்லயும் கேட்டா செய்றாங்க" என்று மனைவியிடம் சொன்னார். பெரியவளிடமும் சொன்னார். "ம்" என்றாள். "இந்த ஒரு தடவைதான்" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

சனிக்கிழமை நால்வரும் பத்துக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே போய் நின்றார்கள். காவலர் மெக்கானிக்கை மட்டும் உள்ளே விட்டார். பிள்ளைகளைக் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் இருந்த நாற்காலிகளில் உட்காரச் சொன்னார்.

"அவங்கதாங்க விளையாடணும்" என்றார் மெக்கானிக்.

"அனுமதி கிடைக்காத விளையாட்டுல குழந்தைங்களை விடக் கூடாது சார். ஆபத்து."

உள்ளே கூடத்தில் மூன்று அதிகாரிகள் வரிசையாக நின்றிருந்தார்கள். நடுவில் நின்ற கனத்த மனிதர்தான் இயக்குநர். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு உரையாற்றினார். கேட்பதற்கு மெக்கானிக் ஒருவர்தான் இருந்தார் என்றாலும் ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள்.

"இந்த வாரியம் ஆரம்பிச்சுப் பதினெட்டு வருஷத்துல ஒரு குழந்தைக்கு ஒரு சிராய்ப்புகூட ஏற்பட்டதில்லை. உலகத்துல வேற எந்த அமைப்பாவது இப்படிச் சொல்ல முடியுமா? இதை எப்படிச் சாதிச்சோம்? ஒரு குழந்தையைக்கூட நாங்க உள்ள விட்டதில்லை. எல்லா விளையாட்டையும் முதல்ல நாங்க விளையாடிப் பார்க்கிறோம். அதுல எங்களுக்கே சந்தோஷம் வரலைன்னா, விவரம் தெரியாத குழந்தைங்களுக்கு எப்படி வரும்?"

வழக்கம் என்னவென்றால், குழந்தைகளின் இடத்தில் அதிகாரிகள் நிற்பார்கள். பதவி உயர உயர வயது குறையும். ஆகவே இயக்குநர் இரண்டு வயதுக் குழந்தை. துணை இயக்குநர் எட்டு வயது. ஓய்வு பெற இரண்டு வருடம் பாக்கியிருந்த கண்காணிப்பாளருக்குப் பதினான்கு வயது. "மூன்று குழந்தைகளைப் பெற்றுக்கொண்டேன்" என்று மெக்கானிக்கிடம் கையெழுத்து வாங்கினார்கள். பக்கத்தில் ஓர் எழுத்தர் சிரிப்புப் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு நின்றார். புன்னகை, சிரிப்பு, வயிறு குலுங்கல் என்று அதில் மூன்று பத்திகள்.

"குழந்தையைத் தூக்குங்க" என்றார் எழுத்தர்.

"யாரை?"

"ரெண்டு வயசுக் குழந்தையை. தனியா நடக்க விடக் கூடாதுன்னு விதி இருக்கு."

மெக்கானிக் முப்பது கிலோ மோட்டாரைத் தோளில் வைத்து ஏணி ஏறியவர். இயக்குநர் அப்படி மூன்று மோட்டார் இருப்பார். மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் இயக்குநரின் இடுப்பைக் கட்டித் தூக்க, இயக்குநர் ஒரு சாண் உயரம் எழும்பி, "தண்ணி" என்றார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் பையன் சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து சரிந்தான். குட்டி கண்ணாடியில் மூக்கை நசுக்கிக்கொண்டு கை தட்டினாள். எழுத்தர் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பேனாவை மூடினார். அந்தக் குழந்தைகள் கணக்கில் வரமாட்டார்கள்.

பிறகு மெக்கானிக்கின் கண்ணைக் கட்டி, இருபது வரை எண்ணச் சொன்னார்கள். எண்ணினார். கட்டை அவிழ்த்தபோது கூடம் காலியாக இருந்தது.

கால் மணி நேரம் தேடினார். அரை மணி நேரம் தேடினார். தூணுக்குப் பின்னால், திரைக்குப் பின்னால், படிக்கட்டுக்கு அடியில் எங்கும் இல்லை. பாவம், அவர் யாரோடு மோதுகிறோம் என்று தெரியாமல் மோதிவிட்டார். பொதுமக்கள் கண்ணில் படாமல் இருப்பதில் அந்த அதிகாரிகளுக்குப் பதினெட்டு வருட அனுபவம். காலை பத்து மணி முதல் மாலை ஐந்து மணி வரை தினமும் பயிற்சி. மெக்கானிக் பூட்டிய கதவு ஒவ்வொன்றையும் தட்டித் தட்டிக் கை வீங்கித் திரும்பி வந்தபோது மணி பன்னிரண்டு.

"கிடைக்கலீங்க. போதும், நிறுத்திக்கலாம்" என்றார்.

எழுத்தர் முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டார். "எப்படி நிறுத்துறது? மூணு குழந்தைங்களை வாங்கிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. மூணையும் தொலைச்சிட்டு நிக்கிறீங்க. அஞ்சு மணிக்குள்ள திருப்பி ஒப்படைக்கலன்னா குழந்தைகளைத் தொலைத்த பெற்றோர்னு உங்க பேரை எழுதியாகணும். அப்புறம் ரெண்டு வருஷத்துக்கு உங்க பசங்க எந்தப் பூங்காவுக்குள்ளயும் போக முடியாது."

மெக்கானிக்குக்கு அழுகையே வந்துவிட்டது. இருந்தது ஒரு சனிக்கிழமை. அதையும் மூன்று தடித்த மனிதர்களிடம் தொலைத்தாயிற்று. பிள்ளைகள் இரண்டு மணி நேரமாகப் பிளாஸ்டிக் நாற்காலியில் காய்கிறார்கள். இதைத்தான் அவள் விடுதியில் போய் நினைத்துக்கொள்ளப் போகிறாள் என்று எண்ணியபோது அவருக்கு அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடலாம்போல் இருந்தது.

கண்ணாடிக் கதவு திறந்தது. பெரியவள் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் மாட்டியிருந்தாள். குட்டி அவள் இடுப்பில் இருந்தாள். காவலர் குறுக்கே கையை நீட்டினார்.

"குழந்தைங்க விளையாட உள்ள போகக் கூடாதும்மா."

"விளையாட வரல. அதிகாரியைப் பார்க்கணும்."

"அதிகாரி இல்லம்மா."

"அதான் தேடப் போறோம்" என்று சொல்லிவிட்டு அவள் காவலரின் கைக்குக் கீழே குனிந்து உள்ளே போனாள். பையன் கைக்கு அடியில் நிமிர்ந்தே போனான். காவலரின் விதிப் புத்தகத்தில் இதற்கு ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"அப்பா, நீங்க கதவைத் தட்டாதீங்க" என்றாள் பெரியவள். "தட்டுனா மூச்சு விடாம உக்காந்துப்பாங்க."

முதல் மாடியில் ஏழு கதவுகள் இருந்தன. அவள் பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போனாள். "'கூட்டத்தில் இருக்கிறார்'னு போட்டா உள்ள ஒருத்தர் மட்டும் இருப்பார். 'வெளியூர் சென்றுள்ளார்'னு போட்டா பக்கத்து ரூம்ல இருப்பார். தம்பி, நீ மேஜைக்கு அடியில பாரு. குட்டியை அலமாரி இடுக்குல விட்டுடு." கதவு பூட்டியிருந்த இடங்களில் பூட்டைத் திறக்க மெக்கானிக்குக்குச் சட்டைப்பையில் இருந்த திருப்புளி போதுமானதாக இருந்தது. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பவருக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா?

முதல் அறையிலேயே அலமாரிக்குப் பின்னாலிருந்து குட்டியின் குரல் கேட்டது. "மாமா!"

எட்டிப் பார்த்தால் ஒரு மனிதர் பாய் விரித்துப் படுத்திருந்தார். அவர் வெள்ளோட்டத்தில் இல்லவே இல்லை. "நான் லீவுல இருக்கேன்" என்றார் அவர் பதறி எழுந்து. "மார்ச்சுலேருந்து."

"அவுட்!" என்றான் பையன்.

அடுத்த அறையில் மேஜைக்கு அடியில் அனுமதி அதிகாரி. அவருடைய கையெழுத்துக்காக ஏழு மாதமாக நடையாய் நடந்துகொண்டிருந்த நீச்சல் பயிற்சியாளர் ஒருவர் நடைபாதையில்தான் உட்கார்ந்திருந்தார். பையனின் சத்தம் கேட்டதும் பாய்ந்து வந்து, அதிகாரி மேஜைக்கு அடியிலிருந்து முழுதாக வெளிவருவதற்குள் காகிதத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். "நீங்க வாரா வாரம் வருவீங்களா?" என்று பெரியவளிடம் கேட்டார்.

இரண்டாம் மாடியில் இருவர். மூன்றாம் மாடியில் திட்டப் பிரிவு முழுவதும், நாற்காலிகளை அரண்போல அடுக்கி அதற்குள். பையன் நுழைய முடியாத இடத்தில் குட்டி நுழைந்தாள். குட்டிக்கு எட்டாததைப் பையன் எட்டினான். இருவருக்கும் புரியாத பலகைகளைப் பெரியவள் படித்தாள். யாரைக் கண்டுபிடித்தாலும் குட்டி "மாமா!" என்பாள், பையன் "அவுட்!" என்பான், பெரியவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். அவளுடைய சிரிப்பு எப்படி இருக்கும் என்பதையே மெக்கானிக் மறந்துபோயிருந்தார். சின்ன வயதில் சிரித்த மாதிரியேதான் இருந்தது.

துணை இயக்குநர் பழைய படிவக் கட்டுகளுக்கு நடுவில் அகப்பட்டார். எட்டு வயதுக்காரரான அவர், "நீங்க எண்ணும்போது பார்த்துட்டீங்க, இது செல்லாது" என்று சண்டை பிடித்தார். பையன் அவரைச் சமாதானப்படுத்தினான்.

நான்காம் மாடிக் கோடியில் ஒரு பெரிய கதவு. "இயக்குநர்" என்று பித்தளைப் பலகை. கீழே "உள்ளே இருக்கிறார்" என்று ஒரு பச்சை அட்டை.

"இங்கதான்" என்றாள் பெரியவள்.

"இது அவரோட ரூம்மா. ஒளியறவர் சொந்த ரூம்லயா போய் ஒளிவார்?"

"அவரு இந்த ரூம்ல இருப்பார்னு யாருமே நம்ப மாட்டாங்கப்பா. அதான்."

குட்டி பெரிய மேஜைக்கு அடியில் புகுந்தாள். வெகுநேரம் சத்தமே இல்லை. மூவரும் குனிந்து பார்த்தார்கள். இயக்குநர் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குட்டி தன் கையிலிருந்த, பாதி கடித்த பிஸ்கட்டை அவர் வாயருகே நீட்டிக்கொண்டிருந்தாள். அவர் அக்கம்பக்கம் பார்த்தார். பிறகு வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார். குட்டி கெக்கெக்கே என்று சிரித்தாள். அப்போது இயக்குநரும் சிரித்தார். தொப்பை மேஜையில் இடித்து மைப்புட்டி உருளும் அளவுக்குச் சிரித்தார். பதிவேட்டு எழுத்தர் அந்நேரம் தரைத்தளத்தில் இருந்தார். ஆகவே அந்தச் சிரிப்பு நடக்கவில்லை.

கண்காணிப்பாளர்தான் கடைசிவரை கிடைக்கவில்லை. ஐந்தாம், ஆறாம் மாடிகளுக்கு நேரமில்லாமல் நாலே முக்காலுக்குச் சோர்ந்து கீழே இறங்கி வந்தபோது, கண்ணாடிக் கதவுக்கு வெளியே, பிள்ளைகள் காலையில் உட்கார்ந்திருந்த நாற்காலி வரிசையின் கோடியில், யாரும் கவனிக்காமல் அவர் இருந்தார். அவர் ஒளியவேயில்லை. கூன் போட்டு, கைபேசிக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டு இருந்தார்.

"சார், இவ்வளவு நேரமும் இங்கயா இருந்தீங்க?" என்று மெக்கானிக் கேட்டார்.

"ம்."

"விளையாட வரலையா?"

"இல்ல."

"ஏன்?"

"தெரியல."

பெரியவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அப்பாவின் காதருகே வந்து, "நான் இப்படியாப்பா இருக்கேன்?" என்று கேட்டாள்.

"கொஞ்சம்" என்றார் மெக்கானிக். "முடி மட்டும் ஜாஸ்தி."

ஐந்து மணிக்கு மூன்று குழந்தைகளையும் திருப்பி ஒப்படைத்து ரசீது வாங்கினார். கூடவே கிடைத்த மற்ற பதினோரு பேரைப் பெற்றுக்கொள்ள வாரியம் மறுத்துவிட்டது. அவர்கள் பட்டியலில் இல்லை. ஐந்தேகாலுக்கு வயது ஆலோசகர் முடிவைக் கொண்டுவந்து வாசித்தார். இயக்குநர் சட்டையில் பிஸ்கட் தூளோடு கையெழுத்துப் போட்டிருந்தார்.

"வெள்ளோட்டத்தில் கலந்துகொண்ட குழந்தைகள் எவரும் சிரித்ததாகப் பதிவாகவில்லை. கண்ணாமூச்சி என்பது குடும்பங்களுக்கு ஏற்ற விளையாட்டு அல்ல. விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது." ஆலோசகருக்கே மனசு கேட்கவில்லை. "மேல்முறையீடு பண்ணலாம் சார். அடுத்த மாசம் முதல் சனிக்கிழமை, இதே இடம். ஆனா விண்ணப்பத்துல இருக்கிற மூணு குழந்தைங்களும் நேர்ல வந்தாகணும். ஒருத்தர் குறைஞ்சாலும் செல்லாது."

"வேணாம் மேடம்" என்றார் மெக்கானிக். "பெரியவ நாளன்னைக்கு விடுதிக்குப் போறா. எட்டு மணி நேரம் ரயில்ல வந்துட்டுப் போறதுன்னா…"

"எழுதிக்கோங்க மேடம்" என்றாள் பெரியவள். "நான் வந்துடுவேன்."

மெக்கானிக் அவளைத் திரும்பிப் பார்த்தார். தோளில் தூங்கிப்போன குட்டியை அவள் இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். பையன் அவள் பையைத் தூக்கி வைத்திருந்தான். ஆலோசகர் பேனாவை எடுத்தார்.

"மேல்முறையீட்டுக்கு என்ன காரணம்னு போடட்டும்மா?"

"இன்னும் ரெண்டு மாடி பாக்கி இருக்கே" என்றாள் அவள்.